தாங்கிப் பிடிக்கும் உழைப்புக்கு யார் பொறுப்பு?

பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிமான்ஸ் மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு முன்னால் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், உருது எனப் பல மொழிகள் அங்கே ஒலிக்கின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்கியவர்களும் அக்கூட்டத்தில் உண்டு. ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். பெரும்பாலும் தாய் அல்லது மனைவி. சில நேரங்களில் சகோதரி. அவர் கையில் மருந்துச் சீட்டும் சோற்றுப் பொட்டலமும் இருக்கின்றன. மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளியின் பெயர் ஏறுகிறது. கூட வந்தவர் இழந்த ஒரு நாள் கூலியும், பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் விட்டுவிட்ட வேலையும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிப் பேசும்போது உதவித்தொகை, இடஒதுக்கீடு, சாய்தளம் ஆகியவை பேசப்படுகின்றன. அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைப்பதும், குளிப்பாட்டுவதும், உணவூட்டுவதும், கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும், இரவில் விழித்திருப்பதும் உழைப்பு. இந்த உழைப்பு இல்லாமல் கடும் பாதிப்புக்குள்ளான ஒருவருக்கு வேறு எந்த உரிமையும் கைக்கு எட்டாது. இதற்குப் பொறுப்பு யார் என்ற கேள்வியை ஆளும் வர்க்கம் திட்டமிட்டே தவிர்த்து வருகிறது.

குடும்பத்தின் தலையில் இறக்கப்பட்ட சுமை

மனநோய் உள்ளவர்களைப் பூட்டி வைக்கும் இடங்களாகவே காலனி ஆட்சிக் கால மனநல மருத்துவமனைகள் இருந்தன. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்து உறவினர்களை நோயாளிகளுடன் தங்க வைத்தார். குடும்பம் அருகில் இருந்தபோது நோயாளிகள் விரைவில் தேறினர். வேலூர் சி.எம்.சி. மனநல மையமும் குடும்பத்தைச் சிகிச்சையின் பங்காளியாக்கியது. மைசூர் அரசின் பழைய மனநல மருத்துவமனையும் 1954இல் உருவான அனைத்திந்திய மனநல நிறுவனமும் 1974இல் இணைக்கப்பட்டுப் பிறந்த நிமான்ஸும் அதே வழியில் சென்றது. அடுத்த கட்டமாக 1980களில் பல்லாரி மாவட்டத்தில் நிமான்ஸ் நடத்திய முயற்சி, ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாகவே மனநலச் சிகிச்சையைக் கிராமத்துக்குக் கொண்டு செல்ல முடியும் என்று நிரூபித்தது. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அதுவே முன்மாதிரி.

பூட்டிய அறையிலிருந்து குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் திரும்புவது என்பது முற்போக்கான திசையாகும். அந்தத் திசையில் அரசு தன் பங்கைச் செய்யவில்லை என்பதே பிரச்சனை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவர் சமூகத்தில் வாழும் உரிமையை அங்கீகரிக்கிறது. குடும்பத்தோடு வாழ இயலாதவர்களுக்கு இடைநிலை இல்லங்களையும் குழு இல்லங்களையும் அரசு ஏற்படுத்தித் தர வேண்டும் என்றும் கூறுகிறது. நடைமுறையில் இத்தகைய இல்லங்கள் மிகச் சிலவே. அவற்றிலும் பலவற்றுக்குக் கட்டணம் செலுத்தும் வசதி உழைக்கும் குடும்பங்களுக்கு இல்லை. ஆகவே மருத்துவமனை விடுவித்த நோயாளியின் முழுப் பொறுப்பும் வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் மீது இறங்குகிறது.

அந்தப் பெண்ணும் தளர்ந்துபோனால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். வேலைக்குப் போனால்தான் உலை கொதிக்கும், வேலைக்குப் போனால் நோயாளியைப் பார்க்க ஆள் இல்லை என்ற நிலையில் வேறு வழியறியாமல் நின்ற ஏழைக் குடும்பங்களே அவர்களில் மிகுதி. சங்கிலியைப் பூட்டிய கையைத் தண்டிப்பது அவசியம். சங்கிலியைத் தவிர வேறு எதையும் அந்தக் குடும்பங்களுக்கு விட்டுவைக்காத அரசமைப்பும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும்.

சட்டம் சொல்வதும் கஜானா தருவதும்

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்தது. அதன் 19ஆவது பிரிவு, சமூகத்தில் சுதந்திரமாக வாழும் உரிமையையும் அதற்குத் தேவையான தனி உதவி பெறும் உரிமையையும் பேசுகிறது. இதைப் பின்பற்றி 2016இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பராமரிப்பாளர் என்பவரை வரையறுக்கிறது. ஊதியம் பெற்றோ பெறாமலோ உதவி செய்யும் பெற்றோரும் குடும்பத்தினரும் உள்ளிட்ட எவரும் பராமரிப்பாளரே. 24ஆவது பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டத்தைச் சமூகப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே குறிப்பிடுகிறது. மற்றவர்களுக்கான அதே வகைத் திட்டங்களைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. உயர் ஆதரவு கோரி விண்ணப்பிக்கும் வழியை 38ஆவது பிரிவு வகுக்கிறது.

ஆனால் அதே 24ஆவது பிரிவின் தொடக்கத்திலேயே ஒரு தப்பிக்கும் கதவும் வைக்கப்பட்டுள்ளது. அரசின் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டே இவை அனைத்தும் என்பதே அந்தக் கதவு. பெருமுதலாளிகளுக்கு வரிச்சலுகை தரும்போது குறுக்கே வராத இந்தப் பொருளாதாரத் திறன், படுக்கையில் கிடப்பவருக்குப் பணம் தரும்போது மட்டும் குறுக்கே வந்து நிற்கிறது.

இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தில் ஒன்றிய அரசு தரும் தொகை மாதம் 300 ரூபாய். அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 80 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உடையவர்களுக்கு மட்டும். நாளொன்றுக்குப் பத்து ரூபாய்! 2012இல் நிர்ணயிக்கப்பட்ட இத்தொகை அதன்பின் உயர்த்தப்படவே இல்லை. பத்து ரூபாய்க்கு ஒரு தேநீர்கூடப் பெங்களூரில் பல இடங்களில் கிடைக்காது.

மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துத் தருவதால்தான் இத்திட்டத்துக்கு ஓரளவு பொருள் இருக்கிறது. தமிழ்நாட்டில் கடும் பாதிப்புடையோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023இல் 2000 ரூபாயாக உயர்ந்தது. ஆந்திரத்தில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2024இல் 6000 ரூபாயாகவும், படுத்த படுக்கையாக இருப்போருக்கு 15,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. பக்கத்து மாநிலத்தில் சாத்தியமானது இங்கே ஏன் சாத்தியமில்லை என்ற கேள்வியை மாற்றுத்திறனாளிகள் தெருவில் இறங்கிக் கேட்டு வருகின்றனர்.

பராமரிப்பாளருக்கென்று தனியாகத் தொகை வழங்கும் திட்டங்களும் சில உள்ளன. கேரளத்தில் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம், படுக்கையில் கிடப்போரையும் கடும் மனவளர்ச்சிக் குறைபாடு உடையோரையும் பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் வழங்க வகை செய்தது. தொகை சிறிது, நிலுவையும் அவ்வப்போது சேர்ந்தது. ஆயினும் பராமரிப்பவரைத் தனியொரு உரிமையாளராக ஏற்றுக்கொண்ட கொள்கை முக்கியமானது. கர்நாடக அரசு 2024-25 வரவு செலவுத் திட்டத்தில், பெருமூளை வாதம், தசைச் சிதைவு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகிய பாதிப்புகள் உடையோரைப் பராமரிப்பவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் அறிவித்தது. இது போராடிப் பெற்ற முன்னேற்றம். எனினும் நோயின் பெயரை வைத்து வேலி போடப்பட்டிருக்கிறது. மனச்சிதைவு நோயுள்ள மகனை இருபது ஆண்டுகளாகக் காத்துவரும் தாய் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார். எவ்வளவு ஆதரவு தேவை என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது; நோயின் பெயரை அல்ல.

கணக்கில் வராத மணிநேரங்கள்

2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஓர் உண்மையைப் பதிவு செய்தது. 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகின்றனர், ஆண்களில் 21.4 சதவீதம் பேர். அவ்வாறு ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சுமார் 140 நிமிடங்களையும், ஆண் 74 நிமிடங்களையும் செலவிடுகின்றனர். இதில் குழந்தை வளர்ப்பும் அடங்கும். குழந்தை வளர்ந்துவிடும், பராமரிப்பு குறையும். ஆனால் பெருமூளை வாதம் உள்ள குழந்தை முப்பது வயது அடைந்த பின்னும் தாய் அவரைத் தூக்குகிறார். தாய்க்கு அறுபது வயதாகிறது. தூக்க வேண்டிய உடலின் எடை கூடுகிறது. தனக்குப் பின் யார் என்ற அச்சத்தோடுதான் அந்தத் தாய் ஒவ்வோர் இரவும் கண்ணயர்கிறார்.

உழைப்புச் சக்தியை மறுநாளுக்குத் தயார் செய்யும் வீட்டு உழைப்புக்கு முதலாளித்துவம் விலை தருவதில்லை. மூலதனத்துக்கு இலாபம் ஈட்டித் தர இயலாதவர் என்று அது ஒதுக்கிவிட்டவரைப் பராமரிக்கும் உழைப்பையோ அது உழைப்பு என்றே ஒப்புக்கொள்வதில்லை. தாயன்பு, தியாகம், பூர்வஜென்ம வினை என்ற பெயர்களைச் சூட்டிக் கைகழுவுகிறது. பராமரிப்பில் அன்பு இருக்கிறது என்பது உண்மை. அன்பு இருக்கிறது என்பதற்காக ஆசிரியருக்கும் செவிலியருக்கும் ஊதியம் மறுக்கப்படுவதில்லை.

பராமரிக்கும் பெண்ணுக்குப் பணம் கொடுத்தால் அது அவரை வீட்டோடு கட்டிப்போடாதா என்று பெண்ணுரிமை இயக்கத்துக்குள் ஒரு கேள்வி எழுவதுண்டு. நியாயமான கேள்வி. இதற்கான விடை, படியை மறுப்பதில் இல்லை. படியுடன் சேவைகளும் வர வேண்டும். வட்டந்தோறும் அரசுப் பகல்நேரப் பராமரிப்பு மையம், பராமரிப்பவர் நோயுறும்போதும் ஓய்வு தேவைப்படும்போதும் மாற்று ஆள் அனுப்பும் ஏற்பாடு, பெற்றோருக்குப் பின் வாழ்வதற்கான அரசு இல்லங்கள் ஆகியவை இருந்தால்தான், பராமரிப்பில் தொடர்வதா வேலைக்குப் போவதா என்பதை அந்தப் பெண் தேர்ந்தெடுக்க முடியும். ஆண்கள் பாதிச் சுமையைத் தோளில் ஏற்பதும் இதன் பகுதியே. இதற்கு எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

கூலிக்குத் தாங்கும் கைகள்

வசதி படைத்த வீடுகளுக்குப் பெங்களூரில் வேறொரு வழி இருக்கிறது. முகவாண்மை நிறுவனங்கள் ‘ஹோம் நர்ஸ்’ என்ற பெயரில் பெண்களை அனுப்புகின்றன. வட கர்நாடகத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த இளம்பெண்கள் பலர் இவ்வேலையில் உள்ளனர். நோயாளியின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, இரவும் பகலும் வேலை செய்கின்றனர். வீட்டார் தரும் தொகையில் ஒரு பங்கை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. பயிற்சியோ, வார விடுமுறையோ, வருங்கால வைப்பு நிதியோ பெரும்பாலோருக்குக் கிடையாது. வீட்டு வேலையைக் குறைந்தபட்ச ஊதியப் பட்டியலில் 2004இலேயே சேர்த்த மாநிலம் கர்நாடகம். ஆனால் நான்கு சுவர்களுக்குள் நுழைந்து அதை உறுதி செய்யும் ஆய்வாளர் எங்கே? வீட்டுப் பணியாளர்களின் கண்ணியமான வேலைக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. ஆதரித்து வாக்களித்த இந்தியா இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை.

அரசே வேலைக்கு வைத்திருப்போரின் நிலையும் பெரிதும் மாறுபட்டதன்று. கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்துகளில் கிராம மறுவாழ்வுப் பணியாளர்களும், வட்ட அளவில் பல்நோக்கு மறுவாழ்வுப் பணியாளர்களும், நகரங்களில் நகர்ப்புற மறுவாழ்வுப் பணியாளர்களும் உள்ளனர். அவர்கள் தாங்களே மாற்றுத்திறனாளிகள். சான்றிதழ், ஓய்வூதியம், உதவி உபகரணம் ஆகியவற்றுக்காகத் தங்கள் ஊர் மாற்றுத்திறனாளிகளைத் தேடிச் சென்று விண்ணப்பம் எழுதி, அலுவலகப் படியேறுகின்றனர். நல்ல ஏற்பாடு, பிற மாநிலங்கள் பின்பற்றத் தக்கது. ஆனால் அவர்கள் பெறுவது ஊதியம் அன்று, மதிப்பூதியம். அங்கன்வாடி, ஆஷா ஊழியர்களுக்கு இழைக்கப்படும் அதே வஞ்சனை இது. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அதைக் கிடப்பில் போட்டுவிட்டது.

உதவி பெறுபவரும் உதவி செய்பவரும் எதிரெதிர் நலன் கொண்டவர்கள் என்று காட்டுவது முகவாண்மை நிறுவனங்களுக்கு வசதியாக இருக்கிறது. கூலி கூடினால் மாற்றுத்திறனாளிக்குக் கட்டுப்படியாகாது என்பது அவர்களது வாதம். ஸ்வீடனில் இக்கேள்விக்கு வேறு விடை காணப்பட்டது. போலியோவால் பாதிக்கப்பட்டு சக்கர நாற்காலியில் இயங்கிய ஆடோல்ஃப் ராட்ஸ்காவின் முயற்சியில், 1980களில் ஸ்டாக்ஹோமில் மாற்றுத்திறனாளிகளே ஒரு கூட்டுறவு அமைத்தனர். உதவியாளரை யார் தேர்ந்தெடுப்பது, எப்போது, எப்படி உதவுவது என்பதை உதவி பெறுபவரே தீர்மானித்தார். 1994இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தனி உதவியைப் பொதுப்பணத்தில் பெறும் உரிமையாக்கியது. பின்னர் அங்கும் இலாப நோக்குள்ள நிறுவனங்கள் நுழைந்தன. உதவி மணிநேரங்கள் வெட்டப்பட்டன. இரண்டுமே பாடங்கள். செலவைச் சமூகம் ஏற்றால் இரு தரப்பும் கண்ணியத்தோடு வாழலாம். போராட்டம் தளர்ந்தால் வென்றதும் பறிபோகும்.

நகரம் உண்டாக்கும் ஊனம்

ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை அவரது உடல் மட்டும் தீர்மானிப்பதில்லை. உடைந்த நடைபாதையும், உயரமான படிகள் கொண்ட பேருந்தும், மாடியில் இயங்கும் அரசு அலுவலகமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. தாழ்தளப் பேருந்து ஓடும் தடத்தில் தனியாகப் பயணிக்கக்கூடியவர், அது ஓடாத தடத்தில் இன்னொருவரின் தோளைத் தேட வேண்டியிருக்கிறது. அணுகல்தன்மை விதிகள் வெறும் வழிகாட்டுதல்களாக இருப்பது சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாய விதிகளை உருவாக்க ஒன்றிய அரசுக்கு மூன்று மாத அவகாசம் தந்தது. தீர்ப்பு தாளில் இருந்து தெருவுக்கு வருவது மக்கள் தரும் நெருக்குதலைப் பொறுத்தது.

தகவல் தொழில்நுட்பத் தலைநகரம் என்று புகழப்படும் இந்நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தருவதைக் கொடைபோல் விளம்பரப்படுத்தும் நிறுவனங்கள் உண்டு. 2016 சட்டத்தின் 4 சதவீத இடஒதுக்கீடு அரசு வேலைகளுக்கு மட்டுமே. தனியார் துறைக்கு ஊக்கச்சலுகை உண்டு, கட்டாயம் இல்லை. அரசுப் பணியிடங்கள் நிரப்பப்படாமலும் ஒப்பந்தத்துக்கு விடப்பட்டும் சுருங்கும்போது அந்த 4 சதவீதமும் சேர்ந்தே சுருங்குகிறது. பார்வையும் செவித்திறனும் இழந்த ஹெலன் கெல்லர் 1909இல் அமெரிக்க சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர் என்பது பள்ளிப் பாடங்களில் சொல்லப்படுவதில்லை. பார்வையிழப்பின் காரணங்களைத் தேடிப்போன அவர், தொழிற்சாலைகளின் பாதுகாப்பற்ற நிலைமையையும் வறுமையையும் கண்டார். பீனியா தொழிற்பேட்டையில் இயந்திரத்துக்கு விரல்களைப் பறிகொடுப்பவர்களும், அடுக்குமாடிச் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறியும் புலம்பெயர் தொழிலாளர்களும் அவர் கண்ட உண்மைக்கு இன்றைய சாட்சிகள்.

ஒரு சிறைக்கொட்டடி தரும் பாடம்

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டான் சுவாமி, பெங்களூரு இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராக 1975 முதல் 1986 வரை பணியாற்றி, பின்னர் ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் உரிமைக்காக உழைத்தவர். 2020 அக்டோபர் 8 அன்று பீமா கோரேகான் வழக்கில் கைது செய்யப்பட்டபோது அவருக்கு 83 வயது. பார்க்கின்சன் நோயால் அவரது கைகள் நடுங்கின. குவளையைப் பிடிக்க இயலவில்லை. நீர் அருந்த ஓர் உறிஞ்சுகுழல் கேட்டு அவர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. தலோஜா சிறையில் அவருக்கு உணவூட்டியவரும் குளிக்க உதவியவரும் அரசு நியமித்த பணியாளர்கள் அல்லர்; உடன் சிறையிருந்த அருண் ஃபெரைராவும் வெர்னான் கொன்சால்வஸும். ஜாமீன் கிடைக்காமலேயே 2021 ஜூலை 5 அன்று ஸ்டான் சுவாமி மறைந்தார்.

சிறைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் குறித்துத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் தலோஜாவின் அனுபவம் அதைவிட ஆழமான ஒன்றைச் சொல்கிறது. அரசு மறுத்த உதவியைத் தோழமை தந்தது. அந்தத் தோழமை போற்றத்தக்கது. அரசு தன் கடமையிலிருந்து தப்பிக்க அது காரணமாகிவிடக் கூடாது. நாடெங்கும் உள்ள இலட்சக்கணக்கான வீடுகளிலும் இதேதான் நடக்கிறது.

கட்சியின் கடமை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், கர்நாடகத்தில் 13.24 இலட்சம், தமிழ்நாட்டில் 11.79 இலட்சம் பேர். அந்தக் கணக்கெடுப்பு பராமரிப்பவர்களைக் கணக்கிடவே இல்லை. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம், தன் பெயரிலேயே இரு தரப்பையும் இணைத்து வைத்திருக்கிறது. அந்த இணைப்பில் ஓர் அரசியல் இருக்கிறது.

ஒன்றிய அரசின் 300 ரூபாய் கண்ணியமான வாழ்வுக்குப் போதுமான தொகையாக உயர்த்தப்பட்டு, விலைவாசியோடு இணைக்கப்பட வேண்டும். உயர் ஆதரவு தேவைப்படும் அனைவருக்கும், நோயின் பெயர் பாராமல், பராமரிப்பாளர் படி சட்டப்பூர்வ உரிமையாக வேண்டும். முழுநேரப் பராமரிப்புக்கு அது குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையக் கூடாது. மறுவாழ்வுப் பணியாளர்களும் இல்லப் பராமரிப்புப் பணியாளர்களும் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப்பட வேண்டும். இக்கோரிக்கைகள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் மேடையோடு நின்றுவிடலாகாது. தொழிற்சங்கமும் மாதர் அமைப்பும் வாலிபர் அமைப்பும் இவற்றைத் தங்கள் கோரிக்கைகளாக ஏற்க வேண்டும்.

கிளை மட்டத்தில் செய்ய வேண்டியவையும் உண்டு. கிளையின் எல்லைக்குள் படுக்கையில் இருப்பவர் எத்தனை பேர், அவர்களைப் பராமரிப்பவர் யார், அவர்களுக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டியது கிடைக்கிறதா என்ற கணக்கு ஒவ்வொரு கிளையிடமும் இருக்க வேண்டும். கூட்டம் நடக்கும் இடத்துக்கு சக்கர நாற்காலி வர முடியுமா என்பது கூட்ட அறிவிப்புக்கு முன்பே கேட்கப்பட வேண்டும். பராமரிப்புப் பொறுப்பால் கூட்டத்துக்கு வர இயலாத பெண் தோழருக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல், அவர் செயலற்றவர் என்று புதுப்பித்தலின்போது குறிப்பெழுதுவது நியாயமாகாது.

ஓசூர் சாலையில் நாளைக் காலையும் கூட்டம் சேரும். நோயாளியின் கையைப் பற்றியபடி நிற்கும் அந்தப் பெண் யாரிடமும் இரக்கத்தை எதிர்பார்க்கவில்லை. தான் செய்வது உழைப்பு என்று நாடு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அவரது வழக்கு. அந்த வழக்கை முன்னெடுத்து நடத்துவது உழைப்பாளிகளின் கட்சிக்குரிய வேலை.